ஓகேயு அட்டை உள்ளவருக்கு வேலை: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவில் ஓகேயு அட்டை என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. அவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஊர்க்காரர்கள் கேட்டவை இவை. வேலைப் பயிற்றுநர் என்பதால் முதலாளி, தொழிலாளி இருவர் பேச்சையும் கேட்பவன் நான்.

ஹார்ட்வேர் கடைக்காரர்: காது கேளாத பையன் வேலை கேட்கிறான். வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பான்?

அண்ணே, உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உடைந்த குழாயையோ பழைய நட்டையோ நீட்டி, "இது மாதிரி" என்றுதானே கேட்கிறார்கள்? மற்றவர்களுக்குக் கவுண்டரில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது பின்கட்டைப் பற்றி. சிமெண்ட் லாரி ரிவர்ஸ் எடுப்பது அவனுக்குக் கேட்காது. அங்கே ஒரு சுழல்விளக்கு மாட்டி, கைகாட்ட ஆள் நிறுத்துங்கள். சம்பளம் கொடுத்தே ஒரு வாரம் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். அவனுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரியில் இரட்டிப்பாகக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

ஓர் அம்மா: கற்றல் குறைபாடுள்ள என் மகனுக்கு மளிகைக் கடையில் முழுநேர வேலை. மாதம் 800 ரிங்கிட். "பாவம் பார்த்து எடுத்தேன்" என்கிறார் முதலாளி.

அக்கா, அரிசி மூட்டை பாவம் பார்த்து எடை குறையுமா? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாற்றுத்திறனாளிக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்று எந்த விலக்கும் அதில் இல்லை. பகுதிநேரம் என்றாலும் மணிக்கு 8.72 ரிங்கிட் வர வேண்டும். முதலில் தன்மையாகப் பேசிப் பாருங்கள். மசியவில்லை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. வேலையே தராதவரைவிட இப்படித் தருகிறவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஊரில் நல்ல பெயரும் அவருக்கே கிடைக்கிறது.

செம்பனை ஆலை சூப்பர்வைசர்: இவர்களை எடுத்தால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கூடுமாமே?

கூடாது. சொக்சோ சந்தா சம்பளத்தைப் பொறுத்தது, உடலைப் பொறுத்ததல்ல.

தோட்ட மண்டோர் (கங்காணி): சட்டப்படி எடுத்தே ஆக வேண்டுமா?

தனியாருக்கு ஒதுக்கீடு கிடையாது. அரசுத் துறையில் 1 விழுக்காடு என்ற கொள்கை உண்டு. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலையில் சம உரிமை பேசுகிறது, ஆனால் மீறினால் தண்டனை என்ன என்று அதில் இல்லை. முதலாளிகளுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஊன்றுகோலுடன் நடக்கும் தங்கை: தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலைக்கு மனு போடுகிறேன். முன்னாலேயே சொல்லவா?

மனுவில் கணக்கும் கணினியும் முதலில் வரட்டும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டதும் போன் போட்டு, "படி எத்தனை, கைப்பிடி உண்டா?" என்று கேளும்மா. கால் எப்படி ஆனது என்று அவர்கள் கிளறினால், வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்லிவிட்டு, சம்பளப் பட்டியலை யார் போடுகிறார்கள் என்று நீ கேள்.