புதுத் துருத்தி முரண்டு பிடிக்கிறதா?

கேள்வி: ஐயா, லூசியானாவில் லாஃபயெட் ஊரில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கே சனிக்கிழமை நடனத்தில் கேட்ட, இந்தப் பக்கத்துப் பிரெஞ்சு வம்சாவளிக் கேஜன் மக்களின் அக்கார்டியன் ஓசை மனதை விட்டுப் போகவே இல்லை. சம்பளத்தில் சேர்த்து வைத்து, சி சுதியில் புதுப்பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். உள்ளூர்க்காரர் கையால் செய்தது. ஆனால் துருத்தி கல் மாதிரி இருக்கிறது. பத்து நிமிடம் வாசித்தால் இடது தோள் கடுக்கிறது. பாதிக்கு மேல் திறக்க மறுக்கிறது. ஊரில் ஆர்மோனியம் வைத்திருக்கும் மாமா, மடிப்பில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா? இல்லை, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: எண்ணெய் தடவாதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே, எதுவும் வேண்டாம். அக்கார்டியன் துருத்தி என்பது அடிப்படையில் மடித்த அட்டை. மடிப்பின் ஓரத்தில் துணிப்பட்டை ஒட்டியிருக்கும். மூலைகளில், அட்டை வளைந்து கொடுக்க முடியாத இடத்தில், மெல்லிய தோல் துண்டு இருக்கும். வெளி மூலைக்குத் தகரக் கவசம். இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது பசைதான். எண்ணெய் அட்டைக்குள் ஊறினால் பசை விட்டுப்போகும். இன்று நெகிழ்ந்த மாதிரி தெரியும், ஆறு மாதத்தில் மூலை வாய் திறந்துகொள்ளும். அப்புறம் துருத்தியையே மாற்ற வேண்டும்.

பெட்டியைத் திருப்பவும் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்தால் அது நல்ல பெட்டியாகவே தெரிகிறது. ஆனால் கடினமாக இருப்பது துருத்தியா, காற்றா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையவே மாட்டேன் என்கிறதா? ரொம்ப நல்லது. காற்று எங்கும் ஒழுகவில்லை என்று அர்த்தம். அதைத் திறக்க முடியவில்லையே என்று பலம் போட்டு இழுக்கக் கூடாது, மூலைத் தோல் கிழிந்துவிடும். அடுத்து, இடது பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் காற்றுப் பொத்தான் இருக்கும். அதை முழுசாக அழுத்தியபடியே திறந்து மூடுங்கள். இப்போது காற்று தாராளமாகப் போய் வருகிறது. இதற்குப் பிறகும் கையில் தெரியும் எதிர்ப்புதான் துருத்தியின் சொந்த விறைப்பு. இது லேசாக இருந்து, வாசிக்கும்போது மட்டும் கல்லாகிறது என்றால் துருத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டியின் தலையில் நான்கு குமிழ் இருக்கிறதல்லவா, அவை மேலே தூக்கியிருக்கின்றனவா பாருங்கள். ஒவ்வொரு குமிழும் ஒரு ரீடு (காற்றில் அதிர்ந்து ஓசை தரும் உலோக நாக்கு) வரிசையைத் திறக்கும்: அடித்தொனிக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டு, உச்சத்துக்கு ஒன்று. நான்கையும் கீழே அமுக்கிவிட்டால் வலது கைப் பொத்தானை அழுத்தினாலும் காற்றுக்கு வழி இல்லை. பெட்டி சுவர் மாதிரி நிற்கும். பெட்டியைத் துடைக்கும்போது கை பட்டுக் குமிழ் இறங்கிவிடுவது சகஜம்.

சரி, காற்றுப் பொத்தானை அழுத்தியும் விறைப்பாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதுத் துருத்தி அப்படித்தான் இருக்கும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போல அதுவும் பழக வேண்டும். எப்படிப் பழக்குவது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு கேஜன் பெரியவர்.

டெக்சாஸ் போர்ட் ஆர்தர் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நான் வேலை பார்த்த காலம். லூசியானா புல்வெளியிலிருந்து ஆலை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட கேஜன் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. என் ஷிப்டில் இருந்த அந்த மனிதர், நான் வாங்கிய பெட்டியைத் தன் வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் வைத்துப் பார்த்தார். ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, திறந்து மூடித் திறந்து மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டார். மடிப்பிலிருந்து பழைய கதவு மாதிரி ஒரு சின்ன முனகல் வந்தது. அது எந்த மடிப்பு என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து என் விரலையும் அங்கே வைத்தார். மேலிருந்து மூன்றாவது. அதுவும் பக்கத்து மடிப்பும் பூச்சின் பசையில் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தன. நகம் படாமல் விரல் சதையால் மெல்லப் பிரித்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டார். ஒரு வாரம் பாட்டு வேண்டாம், பெட்டிக்கு மூச்சு விடக் கற்றுக்கொடு என்று அனுப்பிவைத்தார்.

அவர் சொன்னபடி நான் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். காற்றுப் பொத்தானை அழுத்தி, நான்கு எண்ணும் நேரம் திறங்கள், நான்கு எண்ணும் நேரம் மூடுங்கள். முதல் இரண்டு நாள் பாதிவரை போதும். அப்புறம் முக்கால்வரை. கடைசி எல்லைவரை இழுத்து வெடுக்கென்று நிறுத்த வேண்டாம். இன்னொன்று: தொடையில் வைத்து வாசிக்கும்போது துருத்தி விசிறி போல மேல்பக்கம் மட்டும் விரியும், கீழ்ப்பக்கம் மூடியே கிடக்கும். பழக்கும் நாட்களில் இரண்டு பக்கமும் சமமாகத் திறப்பதைப் பார்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மேல் மடிப்பு தளர்ந்து, கீழ் மடிப்பு விறைப்பாகவே நின்றுவிடும். ஜீன்ஸ் துணியில் உரசினால் கீழ் மூலை தேயும், ஒரு பழைய துண்டை மடித்துத் தொடையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் எப்படி வைப்பது என்பது உங்கள் துருத்தியின் குணத்தைப் பொறுத்தது. மூடவிடாமல் எதிர்த்துத் தள்ளுகிறதென்றால், வார் போட்டு மூடிக் கட்டி வையுங்கள். திறக்கவிடாமல் உள்ளே இழுக்கிறதென்றால் (உங்களுடையது இந்த ரகம் என்று நினைக்கிறேன்), சில நாள் இரவில் கால்வாசி திறந்து, இரண்டு மரப்பலகைக்கும் நடுவே துண்டைச் சுருட்டி வைத்துத் தூங்கவிடுங்கள். மடிப்புக்குள் எதையும் திணிக்க வேண்டாம்.

தோள் வலிக்கு வேறு காரணமும் இருக்கிறது. வலது கட்டைவிரல் தோல் வளையத்துக்குள் இருக்கிறது, அந்தப் பக்கம் நகராது. வேலை முழுவதும் இடது கைதான். இடது மணிக்கட்டு வார் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கை அரை அங்குலம் சும்மா போய், பிறகுதான் பெட்டி நகரும். அந்த அரை அங்குலத்தைத் தோள் ஈடுகட்டுகிறது. வாரை ஒரு துளை இறுக்கிப் பாருங்கள்.

அப்புறம், கேஜன் வாசிப்பில் துருத்தியை அகல விரிக்கும் வேலையே கிடையாது. சனிக்கிழமை நடனத்தில் வாசிப்பவரின் இடது கையைக் கவனியுங்கள். சில அங்குலத்துக்குள்ளேயே போய் வரும். தாளம் பிறப்பது அந்தச் சின்ன இழுப்பில்தான். நீங்கள் பாதிக்கு மேல் திறக்க வேண்டி வருகிறதென்றால் காற்றுப் பொத்தானை மறந்துவிட்டீர்கள். சி பெட்டியில் ஜி சுதிப் பாட்டு வாசிக்கும்போது இழுக்கும்போது வரும் சுரங்கள் அதிகம், பெட்டி திறந்துகொண்டே போகும். பாட்டின் நடுவே, வாசித்தபடியே, கட்டைவிரலால் ஒரு நொடி அந்தப் பொத்தானைத் தட்டி மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டைவிரல் பழகிவிட்டால் உங்கள் புகாரில் பாதி காணாமல் போய்விடும்.

ஒரு மாதம் தினமும் இப்படிச் செய்தும் மாறவில்லை என்றால் செய்தவரிடமே கொண்டுபோங்கள். லாஃபயெட்டில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய வசதி! பட்டறை கார் தூரத்தில் இருக்கிறது. நீங்களாகப் பிரிக்க வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: போகும் வழியில் சாப்பிட இறங்கும்போது பெட்டியைக் காரில் விட்டுவிடாதீர்கள். உள்ளே ரீடுகளை மெழுகு வைத்துத்தான் பிடித்திருப்பார்கள். அந்த ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் மெழுகு இளகினால் ரீடு கழன்று விழும். துருத்தியை இளக்க ஹேர் டிரையர் காட்டுவதும் இதே காரணத்தால் கூடாது.

கேள்வி: நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். ஒரு வீட்டு விற்பனையில் பத்துப் பொத்தான் பழைய அக்கார்டியன் கிடைத்தது. ஜெர்மனியில் செய்தது என்று எழுதியிருக்கிறது. இதிலும் துருத்தி கடினம்தான். ஆனால் பலமாகத் தள்ளினால்தான் சத்தம் வருகிறது, சீக்கிரம் மூடிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் துருத்தி கடினமாக இல்லை அம்மா, ஒழுகுகிறது. பெட்டியை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், பொத்தான் பக்கம் மேலே, இடது கைப் பக்கம் கீழே. எதையும் அழுத்தாமல் கீழ்ப்பக்கத்தைத் தன் எடையில் தொங்கவிடுங்கள், கையைக் கீழேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பெட்டி அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கும். பத்து எண்ணுவதற்குள் முழுசாக இறங்கிவிட்டால் ஓட்டை இருக்கிறது.

துருத்தியை மரத்தோடு பிடித்திருப்பது சின்னச் சின்ன ஆணிகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த ஆணி எந்தத் துளை என்று ஒரு அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள். இது முக்கியம், இடம் மாறினால் துளை தளர்ந்துவிடும். பிறகு துருத்தியை மட்டும் இருட்டு அறைக்குக் கொண்டுபோய், உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை வைத்து மெதுவாக விரியுங்கள். மூலையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அதுதான் இடம். சுண்ணாம்புத் துண்டால் குறியிட்டுப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். வெளிச்சமே தெரியவில்லை என்றால் மரமும் துருத்திச் சட்டமும் சேரும் இடத்தில் உள்ள தோல் பட்டை காய்ந்திருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு லூசியானாவில் வாசித்ததெல்லாம் ஜெர்மனியிலிருந்து வந்த இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். 1928இல் ஜோ ஃபால்கன், கிளியோமா புரோ இருவரும் முதல் கேஜன் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது மடியில் இருந்ததும் அந்த வகைப் பெட்டிதான். போரில் ஜெர்மன் சரக்கு நின்ற பிறகுதான் லேக் சார்லஸ் ஊரில் சிட்னி பிரவுன் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார். அங்கே முதலில் செய்தவர் அவர்தான் என்பார்கள். 1960களில் யூனிஸ் ஊரில் மார்க் சவாய் அந்தத் தொழிலைத் தொடர்ந்தார். உங்கள் கையில் இருப்பது இவர்கள் எல்லாம் பார்த்துப் பார்த்துப் படித்த வடிவம்.

கேள்வி: எனக்கு ஆர்மோனியம் தெரியும். கேஜன் அக்கார்டியனில் நம் பாட்டு வாசிக்க வருமா?

பதில்: சங்கராபரணம் வரும். சி பெட்டியில் தள்ளினால் ச, க, ப. இழுத்தால் ரி, ம, த, நி. ஒவ்வொரு பொத்தானுக்கும் இப்படித் தள்ள ஒன்று, இழுக்க ஒன்று. ஏழு சுரமும் இருக்கிறது, ஆனால் ச-ரி-க-ம என்று ஏறுவதற்கே கை மூன்று முறை திசை மாற வேண்டும். அதனால் ஆர்மோனியத்தில் வரும் வழுக்கல் இதில் வராது, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் குதித்து வரும். வேறு பல ராகங்களுக்குப் போனால் தேவையான சுரமே பெட்டியில் இருக்காது.

ஆர்மோனியத்துக்குப் பழகிய உங்கள் காதுக்கு ஒரு விஷயம் பிடிக்கும். பழைய முறையில் சுதி சேர்த்த கேஜன் பெட்டிகளில் காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பார்கள், தம்புராவோடு சேரும் இடத்துக்கு. ஆர்மோனியக் காந்தாரம் உறுத்துகிறது என்று நம் வித்வான்கள் சொல்வார்களே, அந்த உறுத்தல் இதில் இல்லை. கடையில் வாங்கப் போனால் ச, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்தி நிதானமாகத் தள்ளிக் கேளுங்கள். அலை அடிக்காமல் ஒரே ஓசையாக நின்றால் அந்தப் பெட்டியை எடுங்கள். துருத்தி விறைப்பாக இருந்தாலும் பரவாயில்லை.