சீஸர் சாலட்: டிரெஸ்ஸிங் பிரியாமல், இலை துவளாமல்

கேள்வி: வீட்டில் சீஸர் சாலட் செய்யும்போதெல்லாம் டிரெஸ்ஸிங்கில் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடுகிறது. பரிமாறுவதற்குள் இலை துவண்டு, அடியில் தண்ணீர் நிற்கிறது. இதைச் சரிசெய்வது எப்படி? என் கைப்பக்குவம் தெரிகிற மாதிரி எதை மாற்றலாம்?

பதில்: முதலில் டிரெஸ்ஸிங். அது பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய் விடும் வேகம்தான். 4 பேருக்கு ஒரு முட்டை மஞ்சள் கரு, ஒரு டீஸ்பூன் டிஜான் கடுகு விழுது, ஒன்றரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, நசுக்கிய 3 ஆன்சோவித் (உப்பில் பதப்படுத்திய சிறு கடல்மீன்) துண்டுகள், அரை டீஸ்பூன் வொர்செஸ்டர்ஷயர் சாஸ். எல்லாம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். இவற்றை நன்றாக அடித்துவிட்டு 100 மில்லி எண்ணெயை விடத் தொடங்குங்கள். முதல் 2 டேபிள்ஸ்பூன் சொட்டுச் சொட்டாகத்தான் விழ வேண்டும். கலவை வெளுத்து, கரண்டியில் ஒட்டும் பதம் வந்த பிறகு மெல்லிய தாரையாக விடலாம். எண்ணெய் முழுவதும் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் என்றால் கசப்பு தூக்கலாகத் தெரியும். பாதிக்குப் பாதி வாசனையில்லாத எண்ணெய் சேருங்கள். கடைசியில் துருவிய பார்மசான் சீஸ் 40 கிராம். உப்பை அதற்குப் பிறகு ருசி பார்த்துப் போடுங்கள், பல சமயம் தேவையே இருக்காது.

பிரிந்துவிட்டாலும் கொட்ட வேண்டாம். வேறு கிண்ணத்தில் இன்னொரு மஞ்சள் கருவைப் போட்டு, பிரிந்த கலவையைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு அடித்தால் மறுபடி கூடிவரும்.

பச்சை முட்டை கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்களுக்கு ஆகாது. அவர்களுக்குப் பாஸ்சுரைஸ் செய்த (மிதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய) முட்டையையோ, கடை மயோனைஸையோ பயன்படுத்துங்கள். மயோனைஸ் என்றால் எண்ணெயை வெகுவாகக் குறைத்துவிடலாம்.

உங்கள் கைப்பக்குவத்தைப் பூண்டில் காட்டுங்கள் என்பது எங்கள் யோசனை. பச்சைப் பூண்டை நசுக்கியதும் காரம் கிளம்பும். அதை உடனே எலுமிச்சைச் சாற்றில் போட்டால் அந்தக் காரம் அடங்கும். இதைவிட அழகான வழி சுட்ட பூண்டு. முழுப் பூண்டின் தலையை அரிந்து, எண்ணெய் தடவி, ஃபாயிலில் சுற்றி 200 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வையுங்கள். பிதுக்கினால் பல் வெண்ணெய் போலப் பழுப்பாக வழிந்து வரும். அதில் 5 பல்லை முட்டையோடு சேர்த்து மசித்துவிட்டு எண்ணெய் விடுங்கள். இனிப்பு ஏறும் என்பதால் எலுமிச்சையை அரை டேபிள்ஸ்பூன் கூட்ட வேண்டும். இந்த ஒரு மாற்றம் போதும். இதோடு தேன், மூலிகை என்று அடுக்கினால் சீஸரின் உப்பும் புளிப்பும் காணாமல் போகும்.

ஆன்சோவியை விடுவதும் தவறில்லை. 1924-ல் மெக்சிகோவின் டிஜுவானாவில் உணவகம் நடத்திய சீஸர் கார்டினி செய்ததாகச் சொல்லப்படும் முதல் சாலட்டில் அது தனியாகச் சேர்க்கப்படவில்லை என்றே அவர் குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். ஆனால் வழக்கமான வொர்செஸ்டர்ஷயர் சாஸிலும் ஆன்சோவி உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் நிற்பது இலையின் ஈரத்தால். ஈர இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் வழுக்கி அடியில் தேங்கும். கழுவிய ரொமைன் லெட்யூஸ் இலைகளைச் சுத்தமான துணியில் உருட்டி, தொட்டால் விரல் நனையாத அளவு உலர்த்தி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு பட்டதும் இலை நீர்விடத் தொடங்கும்; அதனால் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகே கலக்குங்கள்.

சாலட்டில் போடும் மொறுமொறு ரொட்டித் துண்டுகளான க்ரூட்டானுக்கு, முந்தைய நாள் ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்து, எண்ணெய் புரட்டி 180 டிகிரியில் சுமார் 12 நிமிடம் வையுங்கள். பிய்த்த ஓரங்களில் டிரெஸ்ஸிங் நன்றாகப் பிடிக்கும். முழுக்க ஆறிய பிறகு, கடைசியாகச் சேருங்கள்.