சரிவு மனையா? மேல் எல்லையிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: சரிவான மனையில் செடிகொடிகளை அகற்றிவிட்டோம். கடைக்கால் தோண்டுவதற்குள் பெய்த மழையில் மண் கரைந்து கீழ்மனைக்குள் போய்விட்டது. கீழ் எல்லையில் மணல் மூட்டை அடுக்கினால் நிற்குமா?

பதில்: நிற்காது. மூட்டையை எட்டும் முன்பே தண்ணீர் வேகமெடுத்து மண்ணை வாரிக்கொண்டிருக்கும். முதல் வேலை மேல் எல்லையில்தான். மேலிருந்து வரும் தண்ணீர், நீங்கள் வெட்டிய மண்ணைத் தொடவே கூடாது.

வெட்டு விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது மேலே தள்ளி, சரிவுக்குக் குறுக்காக 30 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் எடுங்கள். எடுத்த மண்ணை அதன் கீழ்க்கரையில் வரப்பாகப் போட்டு இறுக்குங்கள். வாட்டம் 100-க்கு 1, அதாவது பத்து மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் இதற்குப் போதும். வாட்டம் கூடினால் வாய்க்காலே அரித்து ஓடையாகும். குறைந்தால் வண்டல் தங்கி, தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு நேராகக் கடைக்காலுக்குள் இறங்கும். வாய்க்கால் முடியும் இடத்தில் கருங்கல் பரப்பி, புல் மூடிய நிலத்திலோ வடிகாலிலோ விடுங்கள். பக்கத்து மனைக்குள் திருப்பிவிடுவது வேறு வழக்கைத் தொடங்கிவைக்கும்!

அடுத்தது, திறந்து கிடக்கும் மண். சில நாட்களுக்குள் கைவைக்கப்போகாத இடத்தையெல்லாம் வைக்கோலால் மூடுங்கள். சதுர மீட்டருக்கு அரை கிலோ, 100 சதுர மீட்டருக்கு 50 கிலோ. மழைத்துளி நேரே அறைந்து மண்கட்டியை உடைப்பதுதான் அரிப்பின் ஆரம்பம். வைக்கோல் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். காற்றில் பறக்காமல் மேலே கயிற்று வலை கட்டுங்கள்.

சரிவை வழவழப்பாக இழைக்க விடாதீர்கள். பார்க்க அழகுதான், தண்ணீருக்கும் அதுதான் வசதி. சங்கிலிச் சக்கர இயந்திரமாக இருந்தால் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்லுங்கள். தடங்கள் குறுக்குவரிகளாக விழும். பக்கவாட்டில் ஓட்டினால் அதே தடங்கள் சரிவோடு இறங்கும் சிறு கால்வாய்களாகிவிடும்.

மேல்மண்ணை 10–15 செ.மீ. தனியாக வழித்தெடுத்து, தண்ணீர் ஓடும் பாதையை விட்டு விலக்கிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். கடைசியில் செடி வளர்க்க அந்த மண்தான் வேண்டும்.

கேள்வி: கீழ் எல்லையில் மண்தடுப்புத் துணி கட்டினோம். அடிவழியாகத் தண்ணீர் புகுந்து சாய்த்துவிட்டது. துணி மட்டமா?

பதில்: துணியைவிடக் கட்டிய விதத்தில் சந்தேகம். அது சல்லடை இல்லை. தண்ணீரைச் சற்றுத் தேக்கி, வண்டலை அடியில் படியவைக்கும் தடுப்பு. ஆகவே, துணி ஒரே மட்டத்தில் போகவேண்டும். மனை எல்லைக்கோட்டை ஒட்டியே கட்டினால் எங்காவது ஒரு தாழ்வில் எல்லாத் தண்ணீரும் சேர்ந்து முட்டும். 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, துணியின் அடியை அதில் மடக்கி, மண் போட்டு நன்றாகத் திமிசு அடியுங்கள். கம்புகள் 2 மீட்டருக்கு ஒன்று, துணிக்குச் சரிவின் கீழ்ப்பக்கமாக. இரு முனைகளையும் மேட்டை நோக்கி வளைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும். தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் போதும். மூன்றில் ஒரு பங்கு வண்டல் நிறைந்ததும் வாரிவிடுங்கள். ஓடைக்குக் குறுக்கே மட்டும் இதைக் கட்டவே வேண்டாம். அங்கே கல் தடுப்புதான், அதுவும் நடுப்பகுதி ஓரங்களைவிட 15 செ.மீ. தாழ்ந்திருக்கவேண்டும்.

கேள்வி: வெட்டிவேர் நட்டுவிட்டால் இதெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: நல்ல செடி, ஆழமாக வேர்விடும். ஆனால் நெருங்கி வேலியாக மூன்று, நான்கு மாதமாவது ஆகும். இந்த மழைக்கு உதவாது. வரும் மழைக்கு இப்போதே நடலாம். ஒரே மட்டத்தில் வரிசை, நாற்றுக்கு நாற்று 10–15 செ.மீ. இடைவெளி. கூரை போட்ட அன்றே மழைநீர்க் குழாயையும் மாட்டிவிடுங்கள். கூரைத் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டினால் புது நாற்று வேரோடு போய்விடும்.