பழைய டாமியா ஹார்னெட் பக்கிக்கு எந்த பிரஷ்லெஸ் மோட்டார் போடலாம்?

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஹார்னெட் ரிமோட் கார் பரணில் கிடந்தது, அதை பிரஷ்லெஸ்ஸுக்கு, அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாருக்கு, மாற்ற ஆசை, 3,300 கேவி செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். 540 என்ற வழக்கமான கூட்டு அளவில், சென்சார் உள்ள 21.5 டர்ன் மோட்டார் போதும். டர்ன் என்பது காயிலில் கம்பி சுற்றிய எண்ணிக்கை. நான் அதே 3,300-ஐப் போட்டு ஓட்டிப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னுடையது 2004-ல் டாமியா மறுபடி வெளியிட்ட ஹார்னெட். சித்திரை வெயிலில், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயில் முதல் ஓட்டம். வண்டி பறந்தது, உண்மை. மூன்றாவது சுற்றில் கறகறவென்று சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. வீட்டுக்கு வந்து கியர்பாக்ஸைப் பிரித்தால் பிளாஸ்டிக் கியரின் பற்கள் சீவிவிட்டது போல இருந்தன.

காரணம் எளிய கணக்குதான். கேவி என்பது கிலோவோல்ட் அல்ல. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. முழுசாகச் சார்ஜ் ஏறிய 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 8.4 வோல்ட். 3,300-ஐ 8.4-ஆல் பெருக்கினால் 27,720 சுற்று. ஹார்னெட்டோடு வந்த 540 மோட்டார் 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் சுற்றுவது சுமார் 15,000. 1984-ல் அந்த கியர்பாக்ஸை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது இந்த 15,000-ஐத்தான். இப்போது 21.5 டர்னைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், சுமார் 1,800 கேவி என்று வையுங்கள். 8.4-ஆல் பெருக்கினால் 15,120. பழைய மோட்டாரின் வேகமேதான். ஆனால் மணலில் இழுக்கும்போதும் வேகம் அவ்வளவாக விழாது, பேட்டரியும் கூடுதல் நேரம் வரும்.

புது வண்டிகளில் மோட்டார் வேகமாக இருந்தால் சின்ன பினியன், அதாவது மோட்டார் அச்சில் மாட்டும் கியர், போட்டுச் சமாளிக்கலாம். பழைய டாமியா பலவற்றில் மோட்டார் உட்காரும் ஓட்டை நகராது, அதனால் பினியனை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் கியரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். ஹார்னெட்டில் இன்னொன்றும் உண்டு. பின்பக்க கியர்பாக்ஸ், மோட்டார், அச்சு எல்லாம் ஒரே கட்டாகச் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். நீளமான, கனமான மோட்டார் போட்டால் பின்பக்கம் இன்னும் தூக்கிப் போடும். 540-ஐ விட நீளமானது வேண்டவே வேண்டாம்.

டர்ன் கணக்கு எனக்குப் புரிந்தது எங்கள் தெருமுனையில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனிடம். "சுத்தக் கொறச்சா வேகம் வரும்ப்பா, கரண்டையும் சேத்துல்ல இழுக்கும்" என்றார். இங்கேயும் அதேதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கார்பன் வைத்த மோட்டாரின் டர்னையும் பிரஷ்லெஸ் டர்னையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. பழைய 540 என்பது 27 டர்ன், அதற்குப் பக்கத்தில் வருவது பிரஷ்லெஸ்ஸில் 21.5.

சென்சார் ஏன் என்றால், பிரஷ்லெஸ்ஸில் காயில் நிற்கும், காந்தம் சுற்றும். இப்போது எல்லார் வீட்டிலும் மாட்டுகிற பிஎல்டிசி ஃபேனும் இதே வகைதான். காந்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஸ்பீடு கன்ட்ரோலருக்குத் தெரிந்தால்தான் சரியான காயிலுக்குக் கரண்ட் தரும். சென்சார் இல்லாததில், சுற்றும் மோட்டார் திருப்பி உண்டாக்கும் வோல்ட்டேஜை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறது. நின்ற நிலையில் அந்த வோல்ட்டேஜே இல்லை. அதனால் கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கும், அந்த ஒவ்வொரு வெட்டும் பழைய கியரின் பல்லில்தான் விழும். என் கியர் போனதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சென்சார் மோட்டாரில் ஏ, பி, சி ஒயர்களை அதே வரிசையில்தான் கொடுக்க வேண்டும். சுற்றும் திசையை மாற்ற இரண்டு ஒயரை மாற்றிப் போடும் பழக்கம் இதற்கு ஆகாது. கன்ட்ரோலரில் பஞ்ச் என்ற அமைப்பு, கிளம்பும்போது எவ்வளவு வலுவாக இழுக்க வேண்டும் என்பதற்கானது, அதைக் கீழ் நிலையில் வையுங்கள்.

நம் ஊர் மண்ணையும் யோசிக்க வேண்டும். வைகை மணலில் காந்தத்தை இழுத்தால் கருப்புப் பொடி ஒட்டும், சின்ன வயதில் எல்லாரும் செய்திருப்போம். இரும்புத் தாது அது. பிரஷ்லெஸ்ஸின் உள்ளே வலுவான காந்தம் இருப்பதால், திறப்பு வழியாகப் போனால் அங்கேயே தங்கிவிடும். கூடு மூடியிருக்கும் மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள், ஆற்று மணலில் ஓட்டாதீர்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காய்ந்து கட்டியானபின் நன்றாக ஓடும், ஆனால் தூசி அதிகம். மே மாதத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரலை மூன்று விநாடி வைக்க முடியவில்லை என்றால் ஆற விடுங்கள். 80 டிகிரியைத் தாண்ட விடக்கூடாது, காந்தத்தின் வலு குறையும்.

வேறு வண்டிக்கு என்றால்: 1983-ன் டாமியா ஃபிராக்கில் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்வதால் 21.5-ஐத் தாண்ட வேண்டாம். அசோசியேட்டட் கம்பெனியின் ஆர்சி10-ல் மோட்டாரை நகர்த்திப் பினியன் மாற்றலாம், 17.5 தாராளம்.

மோட்டாரை மாற்றும் முன்பே, அச்சுகளைத் தாங்கும் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுங்கள். லிப்போ என்றால் குறைந்த வோல்ட்டேஜில் நிறுத்தும் அமைப்பு ஆனில் இருக்க வேண்டும். ஹார்னெட் பேட்டரி இடம் உருண்டை ஓரம் கொண்ட பேக்குக்கு ஆனது, பெட்டி போன்ற லிப்போ நுழையாது. அதற்காகச் சேஸிஸை அறுத்துவிடாதீர்கள், உருண்டை ஓர லிப்போவும் கிடைக்கிறது. சித்தப்பா கொண்டுவந்த 540 மோட்டாரையும் பழைய ஸ்பீடு கன்ட்ரோலையும் ஒயர் வெட்டாமல் கழற்றி, துடைத்து, ஒரு டப்பாவில் போட்டு அந்த வண்டியோடேயே வையுங்கள்.