தஞ்சாவூரில் புதிதாக அழகு நிலையம் தொடங்குகிறோம். என்ன பெயர் வைக்கலாம்?

கேள்வி: நானும் என் தோழியும் தஞ்சாவூரில் ஒரு கடையின் முதல் மாடியில் பெண்களுக்கான அழகு நிலையம் தொடங்க இருக்கிறோம். எங்கள் இருவர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த ஒரு பெயர், 'பிளிஸ்' என்ற ஆங்கிலச் சொல், 'வனப்பு' என்ற தமிழ்ச் சொல் ஆகிய மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

கும்பகோணத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பார்லர் நடத்தி வருகிறேன். முதலில் வைத்த பெயரை நான்காம் ஆண்டில் மாற்ற நேர்ந்தது என்பதால், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். என் இன்றைய கடையின் பெயரைச் சொன்னால் இது விளம்பரம் ஆகிவிடும், அதைத் தவிர்த்துவிடுகிறேன்.

நேர்த்தி என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைத்தான் முதலில் வைத்திருந்தேன். பயிற்சி வகுப்பில் கேட்டுப் பழகிய சொல், எழுதிப் பார்த்தால் அழகாக இருந்தது, அவ்வளவுதான் நான் யோசித்தது. வாடிக்கையாளர்களில் ஒருவர் அதை 'எலகன்ஸ்' என்றார், இன்னொருவர் 'எலிகண்ட்' என்றார், பெரும்பாலோர் அந்தச் சிரமமே வேண்டாம் என்று 'மருந்துக்கடை மாடிப் பார்லர்' என்று சொல்லிவந்தார்கள். அது எனக்குக் குறையாகவே தோன்றவில்லை. பிறகு ஒரு தை மாதத்தில் நடந்தது இது. நான் ஒப்பனை செய்த மணப்பெண்ணை வரவேற்பில் பார்த்த ஓர் அம்மையார், தம் மகளுக்கும் அதே போன்ற ஜடை அலங்காரம் வேண்டும் என்று விரும்பி, மேடைக்கு அருகில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே என் கடையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தேடியபோது, ஏறக்குறைய அதே பெயரில் வேறோர் ஊரில் இருந்த கடை முதலில் வந்திருக்கிறது. முன்பணமும் அங்கே போய்விட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடுவீர்கள் அல்லவா என்று உறுதி செய்துகொள்ள என் எண்ணை எப்படியோ கண்டுபிடித்து அழைத்தார். அன்று எனக்கு வேறொரு கல்யாணம் இருந்தது. அந்த அம்மையாரின் குரல் உடைந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. அவர் மேலும் தவறில்லை, அந்தக் கடை மேலும் தவறில்லை. ஒருமுறை கேட்டு நினைவில் வைக்க முடியாத, பத்து ஊர்களில் இருக்கக்கூடிய பெயரை வைத்த என் மேல்தான் தவறு.

அழகு நிலையத்தின் பெயர் வாழும் இடம் பலகை அன்று, பெண்களின் பேச்சு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 'மேக்கப் யார் போட்டது?', 'புருவம் எங்கே எடுத்தீங்க?' என்ற கேள்விகளுக்கு விடையாக, ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போவதுதான் நம் பெயரின் முதல் வேலை. ஆகவே நீங்கள் யோசித்திருக்கும் மூன்று பெயர்களையும் முதலில் காதால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் ஒரே ஒருமுறை பெயரைச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிச் சொல்லாதீர்கள். உங்கள் பாட்டி வயதில் ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், உங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மா என்று ஐந்தாறு பேரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அவர்களிடமே அந்தப் பெயரைத் திரும்பக் கேளுங்கள். நினைவில் நிற்காத பெயரும், ஆளுக்கொரு விதமாகத் திரும்பி வரும் பெயரும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்தச் சோதனையில் 'பிளிஸ்' தேறாது என்றே நினைக்கிறேன். தமிழ் எழுத்தில் அதைப் படிப்பவர் 'ப்ளீஸ்' என்றுதான் படிப்பார். நம் எழுத்தில் வல்லெழுத்து ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு நிற்பதால், ஆங்கிலத்தில் மென்மையாக ஒலிக்கும் எத்தனையோ சொற்கள் பலகையில் வேறு சொல்லாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிடலாமே என்றால், அதற்கு விதி இடம் தராது: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948 என்ற விதிகளின்படி பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும், பிற மொழிகளும் இடம்பெற்றால் தமிழ் முதலிலும் பெரிதாகவும், ஆங்கிலம் அதற்கு அடுத்தும், வேறு மொழி அதற்கும் அடுத்தும், 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்பது அரசின் நடைமுறை. ஆகவே உங்கள் பெயரின் முதல் முகம் தமிழ் எழுத்துதான். அந்த எழுத்தில் சரியாகப் படிக்கப்படாத சொல்லை நாமே ஏன் தேடிப்போய் வைத்துக்கொள்ள வேண்டும்?

முதலெழுத்துகளைச் சேர்த்த பெயரைப் பற்றி எனக்குள்ள கவலை வேறு. நட்பின் தொடக்கத்தில் அது இனிமையாக இருக்கும். ஆனால் ஒருவர் திருமணமாகி வேறு ஊருக்குப் போகலாம், உடல்நிலை காரணமாகத் தொழிலை விடலாம்; மனத்தாங்கல் இல்லாமலே பிரிய நேரலாம். அப்போது பாதிப் பெயர் ஒருவருடையதாகவும் மீதி இன்னொருவருடையதாகவும் நின்றால் இருவருக்குமே வேதனை. எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும், பிரிய நேர்ந்தால் பெயர் யாரிடம் இருக்கும், இன்ஸ்டாகிராம் கணக்கு யாருடையது என்பதைக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக இப்போதே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை மனம் நோகாமல் எழுத முடியும்.

பெயரோடு சேரும் சொல்லையும் கவனிக்க வேண்டும். சென்னையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நேச்சுரல்ஸ் போன்ற பல கிளைகள் கொண்ட நிறுவனங்கள் 'சலூன்' என்ற சொல்லைப் பெண்களுக்கும் உரியதாக மாற்றியிருக்கின்றன. ஆனால் நம் பக்கத்தில் சலூன் என்றால் இன்னும் ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் கடை என்றே பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள். மாடிப்படி ஏறி வர வேண்டிய கடை, பெண்களுக்கு மட்டும் என்றால், 'மகளிர் அழகு நிலையம்' என்றோ 'லேடீஸ் பியூட்டி பார்லர்' என்றோ தெளிவாகச் சேர்த்துவிடுவதே நல்லது; பள்ளி மாணவியைத் தனியாக அனுப்பும் தாய்க்கு அந்த ஒரு சொல் தைரியம் தரும். 'பிரைடல்' என்ற சொல்லைப் பெயருக்குள் வைக்க வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில் வாடகையைத் தருபவர்கள் த்ரெட்டிங்குக்கும் ஃபேஷியலுக்கும் வரும் பெண்கள்தாம். மணப்பெண்களுக்கான கடை என்று பலகையிலேயே எழுதியிருந்தால் அவர்கள் தயங்குவார்கள், செலவு அதிகமாக இருக்குமோ என்று அஞ்சுவார்கள்.

நிறத்தைக் குறிக்கும் சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெண்மை, சிவப்பழகு, 'ஃபேர்' போன்ற சொற்கள் பெயரிலோ அதன் கீழ் எழுதும் வரியிலோ வேண்டவே வேண்டாம். இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனமே 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற தன் பழைய பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. கருத்த நிறமுள்ள பெண் ஒருத்தி நம் பலகையைப் பார்த்து, தனக்குள்ள ஏதோ குறையைச் சரிசெய்ய வருவதாக நினைத்துக்கொண்டு படியேறக் கூடாது.

வீட்டில் பெரியவர்கள் சாமி பெயரை வைக்கச் சொல்வார்கள். அது அவர்களின் அன்பு. ஆனால் அந்தப் பெயர் பில்லிலும் பையிலும் துண்டிலும் அச்சாகி, முடி விழும் தரையிலும் குப்பைத் தொட்டியிலும் கிடக்கும் என்பதை அவர்களுக்குப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். அதோடு, ஊரெல்லாம் வைக்கும் தெய்வப் பெயரை ஒருவர் மட்டும் தனக்கு உரியதாக்கிக்கொள்வது சட்டத்திலும் கடினம். இந்த விருப்பத்தை நயமாக நிறைவேற்றிய முன்மாதிரி ஒன்று உண்டு. டாடா குழுமம் 1952இல் அழகுப் பொருள்களுக்கு வைத்த 'லாக்மே' என்ற பெயர், லக்ஷ்மி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம்; 1883இல் பாரிஸில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்தின் நாயகிக்கும் அதுவே பெயர். தெய்வம் உள்ளே இருக்கிறது, ஒலி புதிதாக இருக்கிறது, இரண்டே அசையில் முடிகிறது. எண்கணிதம் பார்ப்பதையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்காக ஆங்கில எழுத்துகளை இரட்டித்து எழுதினால், கேட்ட பெயரை வழக்கமான எழுத்துக்கூட்டில் தேடுகிற பெண்ணுக்கு உங்கள் கடை கிடைக்காமல் போகலாம்.

இப்போது 'வனப்பு'. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். தொல்காப்பியச் செய்யுளியல் வனப்பு என்று எட்டைச் சொல்கிறது, 'அழகு' என்பதே அந்த எட்டில் ஒன்றாகத்தான் வருகிறது. பல உறுப்புகளும் ஒன்றுதிரண்ட நிலையில் பிறக்கும் அழகே வனப்பு என்று உரைகாரர் விளக்குவர். செய்யுளுக்குச் சொன்னது நம் தொழிலுக்கும் அப்படியே பொருந்துகிறது: முகத்துக்கு எவ்வளவு நன்றாக ஒப்பனை செய்தாலும், ஜடையும் நகையும் புடவையின் கொசுவமும் அதனோடு இசையாவிட்டால் மணப்பெண் மேடையில் சோபிப்பதில்லை. ஒலியும் எளிது. எழில், யாழ், குழல் போன்ற சொற்களில் உள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். வனப்பில் அந்தச் சிக்கல் இல்லை. பகரத்தை ஒற்றையாக எழுதுவதா இரட்டையாக எழுதுவதா என்ற ஐயம் மட்டுமே வரும் என்பதால், இரண்டு வடிவங்களிலும் இன்ஸ்டாகிராம் பெயரைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டம், 1999இன் 9ஆம் பிரிவு, ஒரு பொருளின் அல்லது சேவையின் வகையை, தரத்தை, அது வரும் ஊரை மட்டுமே குறிக்கும் சொற்களைப் பதிவு செய்வதைத் தடுக்கிறது. அழகு நிலையத்துக்கு அழகு என்று பொருள்படும் சொல்லை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் ஆட்சேபம் வர வாய்ப்பு அதிகம். 'தஞ்சை' என்று ஊர்ப் பெயரைச் சேர்ப்பதும் உதவாது. கேட்டதும் பொருள் விளங்கும் சொல்லைக் காப்பது கடினம், காப்பதற்கு எளிதான சொல் கேட்டதும் விளங்காது என்பதே இதிலுள்ள இழுபறி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைத் தேடுவதற்காக இன்னும் ஒரு வாரம் செலவிட்டாலும் வீணில்லை. பழைய நூல்களில் பெண்களின் கூந்தல் ஒப்பனையை முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என ஐந்தாகச் சொல்வார்கள். அந்த ஐந்தும் சேர்ந்ததுதான் ஐம்பால். ஆனால் 'ஐம்பால்' என்றால் ஆண்பால், பெண்பால் என்று பள்ளியில் படித்த இலக்கணம்தான் இன்று எல்லோருக்கும் நினைவு வரும். பனிச்சை தனித்துவமான சொல், இனிய ஒலி, ஆனால் ஒவ்வொருவருக்கும் பொருள் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: 'கதம்பம்'. உங்கள் ஊரிலேயே தொடுத்து விற்பது, வெளியூர்க்காரர்களும் தஞ்சாவூர்க் கதம்பம் என்று பெயர் சொல்லி வாங்குவது. பல பூவும் மரிக்கொழுந்தும் சேர்ந்து ஒரு சரமாவது, நான் மேலே வனப்புக்குச் சொன்ன பொருளையே கையில் தொட்டுக் காட்டுகிறது. அழகு என்ற சொல் அதில் இல்லாததால் சட்டத் தடையும் குறையும், ஊர்ப் பெயர் எழுதாமலே ஊரின் மணம் வந்துவிடும். இதையே வைக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை; 'வனப்பு' உங்கள் இருவர் மனத்திலும் ஊன்றிவிட்டதென்றால், அதனோடு இதுபோன்ற ஒரு சொல்லைச் சேர்த்து இரு சொல் பெயராக்கி, தனிச் சித்திரத்துடன் பதிவு செய்யலாம்.

எதுவானாலும், பலகைக்குச் சொல்வதற்கு முன் அரசின் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் தேடிப் பாருங்கள். பொருள்களையும் சேவைகளையும் அங்கே எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள்; அழகு நிலையச் சேவை 44ஆம் வகுப்பில் வருகிறது. பிற்காலத்தில் சொந்தமாக எண்ணெயோ பொடியோ விற்கும் எண்ணம் இருந்தால் 3ஆம் வகுப்பையும் பாருங்கள். எழுத்துக்கூட்டால் மட்டுமன்றி ஒலி ஒப்புமையாலும் தேடும் வசதி அதில் உண்டு, அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். சிறுதொழில் செய்பவர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பம் பதிவகத்தின் இதழில் வெளியான பின் பிறர் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாத அவகாசம் உண்டு என்பதால் உடனே கைக்கு வந்துவிடாது. பதிவு முடியும் வரை, பதிவான பெயர் என்று காட்டும் குறியான வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போடக் கூடாது, அது குற்றம். கூகுள் மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் கும்பகோணம், திருச்சி, மயிலாடுதுறை வரை அதே பெயரில் கடை இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணக்காரர்கள் அவ்வளவு தூரத்திலிருந்தும் வருவார்கள்.

வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கவும், க்யூஆர் அட்டை வாங்கவும், உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவுக்கும் இந்தப் பெயரே போகும். ஓரெழுத்துக்கூட மாறாமல் எல்லாவற்றிலும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். நான் பெயரை மாற்றியபோது பலகையைவிட, இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருத்துவதற்குத்தான் அலைந்தேன்.

தேர்ந்தெடுத்த பெயரை ஒரு பெரிய அட்டையில் தமிழில் எழுதி, உங்கள் மாடியின் ஜன்னலில் கட்டிவிட்டு, எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள். பேருந்தில் போகிறவரால் படிக்க முடிகிறதா, கீழே உள்ள கடைக்காரர் அதைத் தடுமாறாமல் சொல்கிறாரா என்று இரண்டு நாள் கவனித்த பிறகு, பலகைக்காரருக்கு முன்பணம் கொடுங்கள்.