வாசகர் கேள்வி – பதில்: காட்டுப் பூச்சிகளும் மர நோய்களும்

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தேக்கு மரங்களில், சாரல் தொடங்கிய சில நாள்களுக்குள் இலைகள் எல்லாம் போய் வெறும் நரம்புகளே மிஞ்சி நிற்கின்றன. மரங்கள் பட்டுப்போய்விடுமா? மருந்து அடிக்கலாமா?
– தென்காசி வாசகர்

பதில்: பட்டுப்போகாது. சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும். ஆனால், துளிர்க்கிறதே என்று நீங்கள் கவலையை முழுவதும் விட்டுவிடவும் கூடாது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தேக்கின் இலையைத் தின்னும் புழுக்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மழைக்காலத் தொடக்கத்தில் வரும் இளந்தளிரை நடுநரம்பும் பெருநரம்புகளும் மட்டும் எஞ்சும்படி தின்று தீர்ப்பது; இதன் அறிவியல் பெயர் ஹிப்ளேயா பியூரா. மற்றொன்று, ஆண்டின் பிற்பகுதியில் முற்றிய இலையின் பச்சைச் சதையை மட்டும் சுரண்டி, நரம்புப் பின்னலைச் சல்லடைபோல விட்டுவைப்பது. காலத்தையும் எஞ்சிய நரம்பின் தோற்றத்தையும் பார்த்தால், உங்கள் தோட்டத்துக்கு வந்தது முதலாவது புழு என்றே தெரிகிறது.

இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் தளிர் இலையின் விளிம்பைக் கவனியுங்கள். புழு அங்கே ஒரு துண்டை வெட்டி மடித்துப் பட்டிழையால் தைத்துக்கொண்டு அதற்குள் ஒளிந்திருக்கும். வெளியே வந்து தின்றுவிட்டு மீண்டும் மடிப்புக்குள் போகும். புழுக்கள் பெருகிய நாள்களில் மரத்தடியில் நின்றால், எச்சம் சருகின்மேல் விழும் ஓசை தூறல் விழுவதுபோலவே கேட்கும். பன்னிரண்டு நாள்களுக்குள் வளர்ச்சி முடிந்ததும் இழையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, சருகுக்கும் மண்ணுக்கும் இடையில் கூட்டுப்புழுவாகிவிடும். மரம் மொட்டையாகிவிட்டது என்று நீங்கள் கவனிக்கும் நாளில் பெரும்பாலான புழுக்கள் இறங்கிப் போயிருக்கும் என்பதால், அப்போது உயர்ந்த மரத்துக்கு மருந்து அடிப்பது பணத்தையும் தேனீக்களையும் இழப்பதில்தான் முடியும்.

இனி இழப்பைப் பற்றிச் சொல்கிறேன். கேரளத்தின் நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போடப்பட்டது. புழுக்கள் மொட்டையடிப்பதும் மரம் துளிர்ப்பதும் அங்கே ஆண்டுதோறும் கண்ட காட்சிதான். மரம் சாகவில்லை என்பதால் எவ்வளவு போகிறது என்பதை எவரும் முறையாக அளக்காமலே நெடுங்காலம் கழிந்தது. 1975-இல் பீச்சியில் தொடங்கப்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. எஸ். எஸ். நாயரும் அவருடைய குழுவினரும், இளம் தேக்கு மரங்களில் சிலவற்றை ஒரு புழுவிடமிருந்தும், சிலவற்றை மற்றொரு புழுவிடமிருந்தும் காப்பாற்றி, சிலவற்றைக் காப்பின்றி விட்டு, ஐந்தாண்டுகள் தொடர்ந்து பருமனை அளந்தார்கள். இளந்தளிரைத் தின்னும் புழுவால், நான்கு முதல் ஒன்பது வயதுள்ள மரங்கள் அடைந்திருக்க வேண்டிய மர வளர்ச்சியில் 44 விழுக்காடு போய்விடுகிறது என்பதும், கண்ணுக்குக் கோரமாகத் தெரியும் சல்லடைப் புழுவால் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை என்பதும் அப்போதுதான் எண்ணிக்கையாகக் கிடைத்தன. எந்தப் பூச்சியைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இளந்தளிரைத் தின்னும் அந்தப் புழுவை இயற்கையாகவே தாக்கும் ஒரு வைரஸையும் அவர்கள் கண்டறிந்தார்கள். வைரஸ் படிந்த இலையைத் தின்ற புழு சில நாள்களில் இறந்து, உடல் கூழாகி வழிந்து, அடுத்த புழுவுக்கு நோயைக் கொடுக்கிறது. தேனீக்களுக்கோ பறவைகளுக்கோ இதனால் தீங்கில்லை. இதை எப்போது, எங்கே தெளிப்பது என்பதுதான் கடினமான பகுதி. கோடை மழையில் தேக்கு துளிர்க்கும்போது புழுக்கள் முதலில் சிறு திட்டுகளாகத் தோன்றி, பிறகே காடு முழுவதும் பரவுகின்றன. அந்த முதல் திட்டுகளைப் பிடிக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இது: மூன்று நான்கு வயதுக்குட்பட்ட கன்றுகளில், துளிர்விடும் நாள்களில் மடிந்த இலை விளிம்புகளைத் தேடிக் கையால் நசுக்குங்கள். நுனிக்குருத்து போய்விட்டால் தண்டு இரண்டாகக் கவடுபட்டு மரத்தின் மதிப்பே குறைந்துவிடும் என்பதால், கன்றுகளின் நுனியைக் காப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: என் மகள் விலங்கியல் இளங்கலை முடிக்கப்போகிறாள். காட்டுப் பூச்சிகளை ஆராயப் போகிறேன் என்கிறாள். இது ஒரு துறையா? எங்கே படிக்கலாம்?
– சேலம் வாசகர்

பதில்: நூறாண்டுகளுக்கு மேல் பழைய துறை. 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் ஏற்பட்ட காலத்திலேயே அங்கே காட்டுப் பூச்சிகளுக்கென்று தனி ஆய்வு தொடங்கிவிட்டது. இன்று அந்நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் இருக்கிறது. நமக்கு அருகில் என்றால், கோயம்புத்தூரில் 1988 முதல் இயங்கும் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக்கல்லூரியும், நான் மேலே சொன்ன பீச்சி நிறுவனமும் உள்ளன. சேர்க்கைக்கான தகுதிகளை அந்தந்த நிறுவனத்தின் அவ்வாண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால், வேலை எப்படிப்பட்டது என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வயலில் ஒரு பயிர் நான்கு மாதத்தில் விடை சொல்லிவிடும்; மரம் சொல்லாது. சோதனை தொடங்கியவர் ஓய்வுபெற்ற பிறகு முடிவு வருவதும் உண்டு. ஒரே ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். மத்தியப் பிரதேசத்தின் சால மரக் காடுகளில் தண்டைத் துளைக்கும் ஒரு நீளக்கொம்பு வண்டு 1990-களின் பிற்பகுதியில் பெருகி, எண்ணற்ற மரங்களை வெட்டியகற்ற வேண்டிய நிலை வந்தது. வண்டு ஆண்டில் பெரும்பகுதி மரத்துக்குள்ளேயே புழுவாக இருப்பதால் மருந்து அங்கே எட்டாது. ஆனால், முதல் மழையோடு வெளியே வரும் வண்டுகள் புதிதாக வெட்டிய சால மரத்தின் சாற்றை மணம் பிடித்து நெடுந்தொலைவிலிருந்து வரும் என்பதை இத்துறையின் முன்னோடிகள் கண்டுவைத்திருந்தார்கள். எனவே, மழைக்காலத்தில் சில மரங்களை வெட்டித் துண்டுகளாக்கி, பட்டையை நசுக்கிக் காட்டில் போடுகிறார்கள். சாறு குடித்து மயங்கிக் கிடக்கும் வண்டுகளைக் காட்டோர ஊர்மக்கள் கையால் பொறுக்குகிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கப்படுகிறது. ஒரு வண்டு எதைக் குடிக்கிறது என்று காத்திருந்து பார்த்தவர்களின் அறிவு அது. உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருந்தால், மனமார வாழ்த்தி அனுப்புங்கள்.

கேள்வி: சந்தனக் கன்றுகள் நட எண்ணியுள்ளேன். ஸ்பைக் நோய் வந்தால் தீர்க்க வழியில்லை என்கிறார்களே, உண்மையா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: உண்மை. நோயுற்ற மரத்தில் இலைகள் ஆண்டுக்காண்டு சிறுத்து, குறுகி, விறைத்து நிற்கும். கணுக்கள் நெருங்கி, கிளை முழுவதும் முள்கொத்துபோலத் தோன்றும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் இறந்துவிடும். 1899-இல் குடகில் முதன்முதலாகக் குறித்துவைக்கப்பட்ட இந்நோயை நெடுங்காலம் வைரஸ் என்றே எண்ணினார்கள். 1969-இல்தான் செல்சுவர் இல்லாத, பாக்டீரியாவைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்று மரத்தின் உணவுக்குழாய்களில் வாழ்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அதை இன்று ஃபைட்டோபிளாஸ்மா என்கிறோம். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் அதை மரத்திலிருந்து மரத்துக்குக் கொண்டுசெல்கின்றன. டெட்ராசைக்ளின் ஊசி போட்டால் அறிகுறிகள் சிறிது காலம் மறைந்து மீண்டும் வருகின்றனவே தவிர, நோய் தீர்வதில்லை.

இதனால் நடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நோயில்லாத தாய்மரத்து விதையில் வளர்ந்த கன்றை வாங்குங்கள். சந்தனம் பிற செடிகளின் வேரிலிருந்து உணவைப் பெறும் மரமாதலால் துணைச்செடிகளோடு கலந்து நடுங்கள். இலை சிறுத்த மரத்தைக் கண்டால் விலையை எண்ணித் தயங்காமல் உடனே அகற்றுங்கள். அது நின்றிருக்கும் ஒவ்வொரு மாதமும் பக்கத்து மரங்களுக்கு ஆபத்து. சந்தன மரத்தை வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால், முதலில் அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வேப்பமரங்களின் கிளைநுனிகள் தீப்பட்டதுபோலக் கருகியுள்ளன. சிலர் மரத்தையே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். என்ன செய்வது?
– பண்ருட்டி வாசகர்

பதில்: தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். இந்தக் கருகலில் இருவருக்குப் பங்கு உண்டு. உங்கள் பகுதி முந்திரி விவசாயிகள் நன்கறிந்த தேயிலைக் கொசு, பெயரில் கொசுவாக இருந்தாலும் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிதான். அது வேம்பின் இளந்தண்டிலும் சாற்றை உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் பட்ட இடம் கருகித் தண்டு வாடுகிறது. ஃபோமாப்சிஸ் என்னும் பூஞ்சையும் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கிளைகளைக் காயவைக்கிறது. மழைத்துளி தெறித்தும், விதை வழியாகவும் அது பரவும். இரண்டும் மழைக்காலத்தில் சேர்ந்தே காணப்படுவதால் எது முதல் என்று தொலைவிலிருந்து சொல்ல இயலாது.

கருகிய நுனியிலிருந்து ஒரு சாண் கீழே பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. எட்டும் உயரத்தில் காய்ந்த நுனிகளை மழையில்லாத நாளில் பச்சை தெரியும் இடம்வரை வெட்டி எரித்துவிடுங்கள். கன்றுகளுக்கான விதையை இந்த மரங்களிலிருந்து எடுக்க வேண்டாம். வளர்ந்த மரங்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில் புதுத்தளிர் விடும். அதுவரை பொறுத்துப் பார்க்கும்படி ஊராரிடம் சொல்லுங்கள்.