ஹெல்த் அண்ட் சோசியல் கெயார் படிப்பு: உங்கட கேள்விகளும் என்ர பதில்களும்

இங்கிலாந்தில கெயார் ஹோமில கன வருசம் நிண்டு, இப்ப இந்தப் படிப்புக்கு அசெசரா, படிக்கிற ஆக்களின்ர வேலையைப் பார்த்து மதிப்பிடுற ஆளா இருக்கிறன். வந்த கேள்விகளில சிலதுக்குப் பதில்.

கேள்வி: மகள் ஏ லெவலை விட்டிட்டு டி லெவல் ஹெல்த் எடுக்கப் போறாளாம். படிப்பு ஏறாத பிள்ளையள்தான் அதுக்குப் போறது எண்டு சனம் சொல்லுது, அக்கா.

சனம் எதைத்தான் சொல்லாது! டி லெவல் எண்டது வேலைப் பயிற்சியும் சேர்ந்த தொழிற்படிப்பு. ஹெல்த் 2021இல தொடங்கினது, மூண்டு ஏ லெவலுக்குச் சமன். குறைஞ்சது 315 மணித்தியாலம் வேலைத்தலத்தில நிக்கவேணும். நர்சிங்குக்குப் போகலாம். டொக்டராகிற ஆசை இருந்தால் மட்டும் ஏ லெவலில கெமிஸ்ட்ரியை விடவேண்டாம்.

கேள்வி: எனக்கு 43 வயசு. ஒன்லைனில கெயார் சேர்டிபிகேட் முடிச்சிட்டன். இனி நர்ஸ் ஆகலாமா?

அது வேலைக்குப் புதுசா வாற ஆளுக்கான ஆரம்பப் பயிற்சி, தங்கச்சி. 2015இல 15 பகுதியோட வந்தது, இப்ப 16. திரையில வாசிச்சு முடிச்சால் காணாது. நீங்கள் வேலை செய்யேக்க ஒராள் பக்கத்தில நிண்டு பார்த்து ஒப்பமிடவேணும். நர்சிங்குக்கு அக்சஸ் டிப்ளோமா செய்யுங்கோ, ஏ லெவல் இல்லாத பெரியாக்கள் யூனிவர்சிட்டிக்குப் போறதுக்கான படிப்பு அது, முழுநேரமெண்டால் ஒரு வருசம். அதுக்கு எடுக்கிற கடன், பிறகு டிகிரியை முடிச்சால் தள்ளுபடி. முதல்ல இங்கிலிசும் கணக்கும் பாஸ் பண்ணியிருக்கோ எண்டு பாருங்கோ. கனபேர் மறிபடுறது அதிலதான்.

கேள்வி: பிளேஸ்மென்டில, அதுதான் வேலைத்தலப் பயிற்சியில, ஒரு வயசான அம்மாவுக்குப் பாவம் பார்த்துச் சாப்பாடு தீத்திவிட்டன். சுப்பவைசர் ஏசினா. என்ன பிழை?

எங்கட வீடுகளில பாசமெண்டால் தீத்திறதுதான். நானும் முதல் மாதம் அதைத்தான் செய்தன். அந்த அம்மாவுக்குக் கை நடுங்கும், பிடி தடிச்ச கரண்டியைக் குடுத்தால் தானே சாப்பிடுவா. அரைவாசி பொரிட்ஜ் மடியில கொட்டும், அரை மணித்தியாலம் எடுக்கும். எடுக்கட்டும். நாங்கள் அவசரத்தில தீத்தத் தீத்த அந்தக் கைக்கு இருக்கிற பலமும் போயிடும். தீத்தத்தான் வேணுமெண்டால் கெயார் பிளானில, அந்த ஆளை எப்பிடிப் பராமரிக்கிறது எண்டு எழுதிவைக்கிற பத்திரத்தில, எழுதியிருக்கும். விழுங்கக் கஷ்டப்படுற ஆளெண்டால் தேத்தண்ணியை எவ்வளவு தடிப்பாக்கிறது எண்டதும் அதிலதான். பாக்காமல் சும்மா தேத்தண்ணியைக் குடுத்தால் அது நுரையீரலுக்குள்ள போகலாம்.

பிறகு குறிப்பு. "நல்லாச் சாப்பிட்டா" எண்டு எழுதினால் நான் திருப்பி அனுப்புவன். "அரைக் கோப்பை பொரிட்ஜ், தானே சாப்பிட்டா, தேத்தண்ணி 150 மில்லி, ரெண்டு தரம் இருமினா" எண்டு எழுதுங்கோ. இரவு வாற ஆளுக்கு அந்த இருமல்தான் முக்கியம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில இருக்கிறன். இந்தக் கோர்ஸ் படிச்சால் கெயார் விசா எடுத்துத் தாறதாச் சொல்லி ஏஜென்சி காசு கேக்குது.

ஒரு சதமும் குடுக்காதைங்கோ. வெளிநாட்டில இருந்து கெயார் வேலைக்கு ஆள் எடுக்கிற வழியை 2025 யூலை 22ஓட மூடிட்டினம்.

கேள்வி: பெடியன்களும் படிக்கலாமா?

வாங்கோ தம்பி. தன்னைக் குளிப்பாட்ட ஆம்பிளைதான் வேணுமெண்டு கேக்கிற ஐயாமார் இருக்கினம். நான் நிண்ட இடத்தில ஒரு ஐயா அதுக்காக வியாழன் வரைக்கும் பாத்திருப்பார். அண்டைக்குத்தான் எங்களிட்ட இருந்த ஒரேயொரு பெடியனுக்கு ஷிப்ட்.